முதலில் வாய் திறப்பவர்

டீச்சரிடம் கேளுங்கள் – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வியாதியைச் சொல்கின்றன. சேர்ந்து படிக்க உட்காருகிறார்கள். கொஞ்ச நாளில் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். பிறகு தலையாட்டவும் ஆள் வருவதில்லை. முப்பத்து நான்கு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். ஓய்வு பெற்றபின் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாரம் மூன்று நாள் மாலையில் பிள்ளைகளுடன் உட்காருகிறேன். அங்கே பார்த்ததையும் கொஞ்சம் படித்ததையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

நாங்கள் ஆறு பேர் குரூப் 4 தேர்வுக்கு ஞாயிறுதோறும் ஒரு வீட்டு மாடியில் கூடிப் படிக்கிறோம். எங்களில் ஒரு அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை தேர்வு எழுதியவர். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் மற்ற ஐந்து பேரும் பேசுவதே இல்லை. மாதிரித் தேர்வில் எங்கள் மதிப்பெண்ணும் ஏறவில்லை. அவரை விலக்கிவிடலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

விலக்க வேண்டாம், மக்களே. (வெளி மாவட்டத்து வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாலும் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவோம்.) அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்கு விடை தெரிகிறது, நாக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் தேர்வு அறையில் மூன்று மணி நேரம், இருநூறு கேள்வி. பக்கத்து நாற்காலியில் அவர் இருக்கமாட்டார். ஒருவர் சொல்லும் விடையைக் காதில் வாங்குவது படிப்பு மாதிரித் தோன்றும். உங்கள் மூளை தேடத் தொடங்குவதற்கு முன்பே தேடலை அவர் முடித்துவைத்துவிடுகிறார்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது. அதுவரை கையே தூக்காத பிள்ளைகளும் தூக்கினார்கள். மூன்று நொடி என்பது மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடும் நேரம். அதைக்கூட நாம் கொடுப்பதில்லை.

எங்கள் நூலகத்திலும் உங்கள் அண்ணன் மாதிரி ஒரு பையன் இருக்கிறான். ஒருநாள் கேள்வி: கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் எது? பேனா மூடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி, ‘புத்தேரி’ என்றான். எட்டுப் பேரும் புத்தேரி என்று எழுதினார்கள். கவிமணி பிறந்தது தேரூரில், 1876இல். மனைவியின் ஊரான புத்தேரியில் பிற்காலத்தில் வாழ்ந்தார். அதனால் அந்தக் குழப்பம் எவருக்கும் வரக்கூடியதுதான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு. எழுதிய எட்டுப் பேரில் ஒரு பெண் தேரூர்க்காரி. தினமும் அந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அவள் நோட்டிலும் புத்தேரி. “உன் ஊர் உனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன். “தெரியும் டீச்சர். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்” என்றாள்.

1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துக் கோடுகளைக் காட்டினார். மூன்று கோடுகளில் எது முதல் அட்டையில் உள்ள கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் கூடிப் பேசிவைத்துத் தவறான கோட்டைச் சொன்னார்கள். அந்த ஒருவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை, கண் எதிரே இருப்பதை விட்டுக் கூட்டத்தோடு போனார். தேரூர்ப் பெண்ணை நான் திட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வழி. கேள்வி வாசிக்கும் வேலையை அந்த அண்ணனிடமே கொடுங்கள். வாசிப்பவர் விடை சொல்லக்கூடாது என்பது சட்டம். வாசித்துவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ண வேண்டும். மற்ற ஐந்து பேரும் துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்துவைக்க வேண்டும். எல்லாத் தாளும் திரும்பியபிறகுதான் வாய் திறக்கலாம். எங்கள் பையனுக்கு இதைக் கொடுத்த முதல் நாள் பார்க்க வேண்டுமே! உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்தான். நான்காவது வாரம் ஒரு மாற்றம் தெரிந்தது. தாள்களைத் திருப்பிப் பார்த்து, தவறாக எழுதியவர்களிடம் “இதை எப்படி நினைத்தீர்கள்?” என்று கேட்கத் தொடங்கினான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கற்றுக்கொண்டது அது.

எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாமா?
– வாசகர், தக்கலை

தேர்ந்தெடுங்கள். சாவி வைத்திருக்கவும் தேநீர்க் கணக்குப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். ஆனால் உங்கள் தலைவர் யார் என்று தெரிந்துகொள்ள ஓட்டுப் பெட்டி வேண்டாம். கஷ்டமான கேள்வி ஒன்று விழுந்ததும் எல்லோர் கண்ணும் யார் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். அவரே அதுவரை வாயே திறக்காதவராகவும் இருக்கலாம். சாவியை அவரிடம் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள்.

நாங்கள் கடல்தொழில் செய்பவர்கள். ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் கூடி ஜிபிஎஸ், வயர்லெஸ், வானிலை எச்சரிக்கை எல்லாம் பழகுகிறோம். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தருகிறார். ஆனால் மூத்தவர் ஒருவர் வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். யாராவது சந்தேகம் கேட்டால் சிரிக்கிறார். “கடல் தெரியாதவனுக்குத்தான் பெட்டி வேண்டும்” என்கிறார். அவர் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை, ஆனாலும் அவர் சிரித்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம்.
– வாசகர், குளச்சல் அருகே

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். 2017 நவம்பர் 30 காலையை மறக்க முடியுமா? என் வீட்டு முற்றத்தில் பலாமரம் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்து நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. நீங்கள் கற்பது விளையாட்டுக் காரியம் இல்லை. பதினாறாம் சேனலில் எப்படி உதவி கேட்பது என்று ஒருவன் கூச்சத்தால் கேட்காமல் விட்டால், அந்தக் கூச்சம் நடுக்கடலில் அவனோடு வரும்.

ஆனால் அந்தப் பெரியவரை எதிரி ஆக்காதீர்கள். பதவி இல்லாமல் ஒரு சிரிப்பினால் அறை முழுவதையும் அடக்குகிறார் என்றால் அவருக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். காற்று வாடையா கச்சானா என்று முகத்தில் படுவதை வைத்துச் சொல்வார். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வலை கிடக்கும் சாய்வைப் பார்த்துச் சொல்வார். கரையில் தெரியும் மலையையும் ஆலயக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி, பாறை எங்கே என்று கண்டுபிடிப்பார். நாற்பது வருடம் பட்டினி கிடந்தும் நனைந்தும் சேர்த்த படிப்பு. அதை நேற்று வந்த ஒரு பெட்டி நாலு பொத்தானில் சொல்லிவிடுகிறது. அவர் சிரிக்காமல் வேறென்ன செய்வார்? வாசல்படியில் வந்து உட்காருகிறாரே, அதைக் கவனித்தீர்களா? வேண்டாம் என்பவர் வீட்டில் இருந்திருப்பார்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது அடிதடியும் ஏளனமுமாக இருந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு யுக்தி செய்தார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவனிடம் இருக்கும் துண்டு கிடைக்காவிட்டால் தேர்வில் தேற முடியாது. நேற்று வரை கேலி செய்த பையன், திக்கித்திக்கிப் பேசுகிறவனிடம் “நிதானமாகச் சொல்” என்று கேட்க வேண்டிய கட்டாயம்.

உங்களிடமும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. அது அந்தப் பெரியவர் கையில். அடுத்த வகுப்பில் முதல் அரைமணி நேரம் அவருக்கு. ஐந்து மீன்பிடி இடங்களை அவர் மலைக்குறி வைத்துச் சொல்லட்டும். நீங்கள் அதையே ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, மறுநாள் கடலில் போய் ஒத்துப்பாருங்கள். எங்கே வித்தியாசம் வருகிறதோ அதை அவரிடமே கொண்டுபோங்கள். இன்னொன்று, உங்களில் கொஞ்சம் தடித்த தோல்காரன் ஒருவன் இருப்பான். முதல் ‘முட்டாள்’ கேள்வியை அவன் கேட்கட்டும். ஆஷின் சோதனையில் கூட்டத்துக்கு எதிராக ஒரே ஒரு துணை கிடைத்ததும், தவறான விடைக்குப் பணிவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒரு ஆள் போதும்.

என் மகள் ஏழாம் வகுப்பு. அவளை வகுப்புத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். இப்போது அவளோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை. வேண்டாம் என்று சொல்லச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், இரணியல்

ஐயோ, அந்தப் போர்டு! இடது மூலையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர்கள், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. நானும் எத்தனையோ வருடம் எழுதவைத்தேன். எழுதப்பட்டவர்களுக்குக் கிடைத்தது இரண்டு அதட்டல். எழுதியவளுக்குக் கிடைத்ததை இப்போதுதான் உங்கள் கடிதத்தில் வாசிக்கிறேன்.

இதற்குப் பழைய பெயர் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் ஆசானுக்கு அடுத்தபடி மூத்த மாணவன். அவன் வேலை அதட்டுவது மட்டும் இல்லை. இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்கியவனும் அவன்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்து, மூத்த பையன்களை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் தோன்றிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மருந்துவாழ்மலையில் தவம் இருந்தவர் என்று சொல்லப்படும் சட்டம்பி சுவாமிகள் (1853–1924), அந்தப் பெயரைப் பெற்றது எப்படி என்று நினைக்கிறீர்கள்? திருவனந்தபுரத்தில் ராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் அவர் சட்டாம்பிள்ளை. துறவியான பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே பதவியை விடச் சொல்லாதீர்கள். வேலையை மாற்றச் சொல்லுங்கள். வகுப்பாசிரியையைப் போய்ப் பாருங்கள். அவரும் என்னைப் போலத்தான், ஏன் எழுதவைக்கிறோம் என்று யோசித்திருக்கமாட்டார். பெயர் எழுதுவதற்குப் பதிலாக, நேற்று வராத பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது தலைவியின் வேலை என்று ஆகட்டும். பதவியும் மாதம் ஒருவருக்குச் சுற்றிவரட்டும். சாப்பாட்டு வரிசையில் இடம் தானாகக் கிடைக்கும். அதுவரை டப்பாவில் நாலு துண்டு நேந்திரங்காய் வறுவல் கூடுதலாக வைத்துவிடுங்கள். லஞ்சம்தான். பன்னிரண்டு வயதில் செல்லுபடியாகும்.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் பன்னிரண்டு பேர் தேனீ வளர்ப்புப் பழகுகிறோம். எங்கள் ஊக்குநர் அக்கா மிகவும் கெட்டிக்காரர். பெட்டியைத் திறப்பது, ராணியைத் தேடுவது, தேன் எடுப்பது எல்லாம் அவரே. போன மாதம் மகளின் பிரசவத்துக்காக அவர் ஊருக்குப் போய்விட்டார். மூன்று வாரம் யாரும் பெட்டிப் பக்கம் போகவில்லை. திரும்பிவந்து எங்களைத் திட்டுகிறார். தவறு யார் மேல்?
– வாசகி, அருமனை

அக்கா மேல்தான். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; நல்லவர்கள் மேலும் தவறு இருக்கும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். ரப்பர் தோட்டத்து நடுவில் பெட்டி. அக்கா மூடியைத் தூக்குகிறார், புகை போடுகிறார், தேனடை கட்டிய மரச்சட்டத்தை வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். மற்ற பதினொரு பேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கிறார்கள். அவர் குனிந்திருப்பதால் அவர் முதுகுதான் தெரிகிறது. மூன்று மாதம் அந்த முதுகைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

கர்ட் லெவின் என்பவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன யூத உளவியலாளர். அவரும் லிப்பிட், ஒயிட் என்ற இருவரும் 1939இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகள் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து உத்தரவு போடும் தலைவர். இன்னொன்றுக்குப் பிள்ளைகளோடு கலந்துபேசி வேலையைப் பிரிக்கும் தலைவர். தலைவர் அறையை விட்டு வெளியே போனதும்தான் வேடிக்கை. உத்தரவுக் குழு வேலையைக் கீழே போட்டுவிட்டது. கலந்துபேசிய குழு, அவர் போனதையே பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் செய்துகொண்டிருந்தது. உங்கள் அக்கா போன மூன்று வாரமும் அப்படி ஒரு சோதனைதான், செலவில்லாமல் நடந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பாடம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. ராணி என்று நாம் பெயர் வைத்தோமே தவிர, அவள் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை; முட்டை இடுகிறாள். கூட்டம் பிரிந்து புது இடம் தேடும்போது, வேலைக்காரத் தேனீக்களில் சில போய்ப் பொந்துகளைப் பார்த்துவந்து, பார்த்த இடத்தை நடனமாடிச் சொல்கின்றன. மற்றவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் தாமும் ஆடுகின்றன. ஒருத்தி ஆடினாள் என்பதற்காக எல்லாரும் புறப்படுவதில்லை. தேனீயின் நடன மொழியைப் படித்துச் சொன்னதற்காகக் கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்த்தாண்டத்தில் 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நம் ஆட்களுக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். நூறு வருடமாகப் பெட்டி வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம்.

அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அடுத்த தடவை பெட்டி திறக்கும்போது அவர் கையில் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இருவர் இருவராகத் திறங்கள். ஒருத்திக்குக் கொட்டு விழும். விழட்டும். ரப்பர் தளிர்விட்டு இலைக்காம்பில் தேன் சுரக்கும் மாசி மாதத்துக்குள் பன்னிரண்டு பேரும் ஒருமுறையாவது சட்டத்தைத் தூக்கியிருக்க வேண்டும்.

பத்துப் பேர் குழுவாகப் படிக்கிறோம். உழைப்பது மூன்று பேர்தான். மற்றவர்கள் குறிப்புகளை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.
– வாசகர், ஆரல்வாய்மொழி

நீங்கள் மலையடிவாரம். ஒருநாள் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய்க் கரமடி இழுப்பதைப் பாருங்கள். வள்ளத்தில் போய் அரைவட்டமாக வலையை விட்டுவருவார்கள். இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு அணி இழுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் பின்னால் சாய்ந்திருப்பார்கள். கிட்டப் போய்ப் பாதங்களைப் பாருங்கள். இழுப்பவனின் குதிகால் மணலில் புதைந்திருக்கும். சாய்ந்து மட்டும் நிற்பவனின் கால் மணல்மேலேயே இருக்கும்.

மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதைக் கயிற்றிலேயே அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கிடைத்த விசை, எட்டுப் பேரும் தனித்தனியாக இழுத்த விசையின் கூட்டுத்தொகையில் பாதிதான். பிற்காலத்தில் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் சோதித்தார்கள். அங்கேயும் அதே கதை. ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படும் என்று சொன்னதும் சோம்பல் போய்விட்டது.

பத்துப் பேர் அதிகம். ஐந்தைந்தாகப் பிரியுங்கள். பொதுக் குறிப்பு என்று ஒன்றே வேண்டாம். பாடம் ஒன்றுக்கு ஆள் ஒன்று, தாளின் தலையில் எழுதியவர் பெயர். தவறு இருந்தால் யார் தாள் என்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் குதிகால் புதையாதவரை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

தலைமைப் பண்பு வளர்க்கும் இரண்டு நாள் பயிற்சிக்கு நாலாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். போகலாமா?
– வாசகர், குலசேகரம்

அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கி உங்கள் ஊரில் நான்கு பிள்ளைகளைக் கூட்டி வாசித்துப் பாருங்கள். இரண்டாவது வாரம் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதில் உங்கள் பண்பு தெரிந்துவிடும்.

டீச்சர், எல்லோருக்கும் வழி சொல்கிறீர்களே, நீங்கள் நடத்திய குழு ஒன்றுகூடக் கலைந்துபோனதில்லையா?
– வாசகி, நாகர்கோவில்

கலைந்திருக்கிறது. நானே கலைத்தேன்.

1990களின் தொடக்கம். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கி, நம் பக்கமும் அறிவொளி இயக்கம் வந்திருந்த நேரம். நான் இளம் ஆசிரியை. முந்திரி ஆலையில் வேலை செய்யும் பதினான்கு பெண்களுக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். முந்திரிக் கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் விரலை எரித்துவிடும். சாம்பல் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் விரல்நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்த விரலால் பலப்பத்தைப் பிடித்தால் வழுக்கும். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே வைத்து, விரல்நுனி படாமல் பிடிக்க அவர்களே ஒரு வழி கண்டுபிடித்துவைத்திருந்தார்கள்.

அதில் ஒருத்தி மின்னல். ஒன்பதாம் நாள் தன் பெயரை எழுதிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பலப்பப் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். “இவளைப் பாருங்கள், இவளைப் பாருங்கள்” என்று பதின்மூன்று பேரிடமும் தினமும் சொன்னேன். பதினான்கு ஒன்பதானது. ஒன்பது நான்கானது. மழை என்றேன், ஆலயத் திருவிழா என்றேன், வேலைக் களைப்பு என்றேன். பிறகு அவளும் வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆலையில் அவளை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் பங்கிட்டுச் சாப்பிடும் வட்டத்தில் அவளுக்கு இடம் இல்லாமல் போயிருக்கிறது. “எனக்கு எழுத்து வேண்டாம் டீச்சர்” என்றாள். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கும்பிட்டுச் சொன்னாள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தேன். இரண்டு வாரம் கழித்து ஏழு பேர் வந்தார்கள். அவளும் வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையில் இருந்தேன். யாரையும் புகழவில்லை. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. பலகையில் ‘ன’வையும் ‘ண’வையும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன்.

கூட்டத்திலேயே மூத்த பாட்டி, எழுத்துப் பக்கமே தலைவைக்காமல் மகளுக்குத் துணையாக மட்டும் வந்துகொண்டிருந்தவர், கேட்டார்: “இதற்கு ஏன் அம்மா இரண்டு சுழி, அதற்கு மூன்று சுழி?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். கொஞ்ச நேரம் விளக்குத் திரி மட்டும் பொரிந்தது. தூணுக்குப் பின்னால் இருந்தவள்தான் மெதுவாகச் சொன்னாள்: “இவள் இரண்டு பெற்றவள், அவள் மூன்று பெற்றவள்.”

ஏழு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். பாட்டி பலகையைத் தன் பக்கம் இழுத்து, கறுத்த விரலால் சுழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு என்னிடம் கேட்டார்:

“ஐந்து பெற்ற எனக்கு எந்த எழுத்து?”